பேசாத சூசையும் பெயர் தெரியாத ஆசாரியும்

நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. கனவில் வானதூதர் வந்து சொல்வார். இவர் எழுந்து செய்வார். மரியாவை ஏற்றுக்கொள்ளச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார். எகிப்துக்கு ஓடச் சொன்னதும் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எருசலேமில் தொலைந்து மூன்றாம் நாள் கோவிலில் கிடைத்தபோதுகூட, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டது தாய்தான். தகப்பன் பக்கத்தில் நின்றதோடு சரி. அதற்குப் பிறகு ஆளைக் காணோம்.

இப்படி வாய் திறக்காத ஒருவரைப் பாட்டுடைத் தலைவனாக்கி 3,615 பாடல்கள் பாடிவிட்டார் வீரமாமுனிவர். தேம்பாவணி என்ற அந்தக் காப்பியத்தில் வளன் என்ற பெயரில் அவர் நிறையவே பேசுகிறார். காப்பியத் தலைவன் மௌனம் காத்தால் கதை நகராதே, என்ன செய்வது! இத்தாலியில் பிறந்த அந்தப் பாதிரியார் தமிழ்நாட்டுக்கு வந்த புதிதில், சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியிலும் ஊழியம் பார்த்தவர். 1714-15 வாக்கில் வந்த எதிர்ப்பில் மரண தண்டனைவரை போய்த் தப்பினார். குருக்கள்பட்டி இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, சூசையைப் பாடிய புலவருக்கும் இந்தச் சீமைக்கும் முந்நூறு வருஷப் பழக்கம்.

புனிதர் ஒருவருக்கு நன்றி சொல்லும் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். சூசையப்பர் என்று முடிவானதும் எனக்குக் கோவிலுக்குப் போகத் தோன்றவில்லை. அவர் தச்சராயிற்றே, தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழியில் உள்ள மரக்கடைகளுக்குத்தான் போனேன். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குப் போகிற கார்கள் இந்தக் கடைகளை நின்று பார்ப்பதில்லை. அறுவை மில் வாசலில் தேக்கும் வேங்கையும் அடுக்கடுக்காகக் கிடக்கும். சாரல் விழுந்தால் மரத்தூள் நனைந்து ஒரு புளித்த வாசனை கிளம்பும். விலை பேசுவதெல்லாம் கன அடிக் கணக்கில்.

உள்ளே ஒரு கொட்டகையில் அறுபது வயதைத் தாண்டிய ஆசாரி ஒருவர் கதவு நிலைக்குக் கழுந்து செதுக்கிக்கொண்டிருந்தார். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. குனிந்து வாயால் ஊதித் தூளைப் போக்கிவிட்டு மறுபடி இரண்டு தட்டு. துளைக்குள் கழுந்தை இறக்கிப் பார்த்தார். ஒரு நூல் இறுக்கம். வெளியே எடுத்து, பென்சில் கோட்டை ஒட்டி ஒரே ஒரு சீவல். இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. இதற்கிடையில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சூசையப்பரைத் தெரியுமா என்று கேட்டேன். “சுரூபத்துல கையில பூ வச்சிருப்பாரே, அவருதான? வேதக்கோயிலுக்குச் சப்பரம் செஞ்சு குடுத்திருக்கேன் அண்ணாச்சி. அவரும் நம்ம தொழில்காரருன்னு சாமியார் சொன்னாரு” என்றார். சுவரில் விஸ்வகர்மா படம், அதன் கீழே குங்குமம் வைத்த இழைப்புளி. சப்பரத்தில் பெயர் போட்டிருக்கிறார்களா என்றதற்குச் சிரித்தார். “உபயம் குடுத்தவுக பேரு போட்டிருக்கு.”

அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இந்தப் பக்கத்தில் வீடு கட்டும்போது தலைவாசல் நிலை வைக்கும் நாள் பெரிய நாள். நிலையின் அடியில் நவதானியமும் காசும் போடுவார்கள். ஆசாரிக்கு வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு தட்டில் பணம். கிறிஸ்தவ வீடானால் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஆசாரிக்கான மரியாதை மட்டும் எந்த வீட்டிலும் மாறாது. உழைத்தவனை ஊர் பார்க்க நிறுத்தி நன்றி சொல்ல நம் பெரியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. இப்போது நிலை ரெடிமேடாக லாரியில் வந்து இறங்குகிறது. குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு, அலமாரிக்குப் பிளைவுட். தட்டு இருக்கிறது, வேட்டி இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. காண்ட்ராக்டர் கையில் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆசாரியின் மகனோ ஆரியங்காவு தாண்டிக் கேரளத்தில் ஏதோ ஒரு கட்டடத்தில் சென்ட்ரிங் அடிக்கிறான். எல்லை தாண்டிய தச்சன் என்ற வகையில் அவனும் சூசையப்பர் கட்சிதான்.

சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர், அவரைத் தொழிலாளியாக மட்டும் சுருக்கக் கூடாது என்று சொல்லும் பக்திமான்கள் உண்டு. இருக்கட்டும். சொந்த ஊர்க்காரர்கள் இயேசுவை இளக்காரமாகப் பேசியபோது தச்சன் மகன் என்றுதான் சொன்னார்கள். நல்மரணம் அங்கே பேச்சில் வரவில்லை. பிள்ளையைக் கோவிலில் காணிக்கையாக்கப் போன குடும்பம் கொடுத்தது ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாத ஏழைகளுக்கான பறவைக் காணிக்கை. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது உளிச் சம்பாத்தியத்தில்.

திருச்சபையும் இதை நிதானமாகத்தான் உணர்ந்தது. 1870-இல் அவரை அகிலத் திருச்சபையின் பாதுகாவலர் என்று அறிவித்தது. தொழிலாளரான சூசையப்பர் என்று மே 1-ஆம் தேதியை ஒதுக்க 1955 ஆக வேண்டியிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் தூங்கும் சூசையப்பர் சுரூபம் ஒன்றை மேஜையில் வைத்திருந்தார்; தீராத சிக்கல் வந்தால் அதை ஒரு சீட்டில் எழுதிச் சுரூபத்தின் அடியில் செருகிவிடுவாராம். 2020 டிசம்பர் 8 முதல் ஒரு வருஷத்தைச் சூசையப்பர் ஆண்டாக அறிவித்தவரும் அவரே. ஊரெல்லாம் கொரோனாவில் முடங்கிக் கிடந்த நேரம். மருத்துவமனையைப் பெருக்கியவர்களையும் லாரி ஓட்டியவர்களையும் நினைத்து, அவர்களைப் போல வெளியே தெரியாமல் உழைத்தவர் என்று சூசையப்பரைப் பற்றி எழுதினார்.

அவருடைய பெரிய திருநாள் மார்ச் 19. அது தவக்காலத்தில் விழுவதால் வாணவேடிக்கைக்கும் பந்தலுக்கும் இடம் குறைவு. அவருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அந்த நாளிலும் பங்குகளில் பெயர் வாசிக்கப்படுவது உபயதாரர்களுடையதுதான். பீடத்தை இழைத்தவர், பெஞ்சுக்குக் கால் மாட்டியவர், மணிக்கூண்டுக்கு ஏணி செய்தவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒருமுறையாவது அவர்கள் பெயரை மைக்கில் வாசித்தால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் விஸ்வகர்மா படத்துக்கு விளக்கேற்றுகிறவர்களாக இருந்தாலும்தான்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தலைவாசல் நிலையைச் செய்தவர் பெயர் தெரியுமா? தெரியாவிட்டால் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ விசாரியுங்கள். ஆசாரி உயிரோடு இருந்தால் வருகிற மார்ச் 19 அன்று ஒரு வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கூலியில் பழைய பாக்கி ஏதாவது நின்றிருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.