ஆறாத வயிற்றுப் புண்: நாய்க்கும் நமக்கும்

தோட்டத்து லயங்களிலும் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் வயிற்றோட்டம் புதிதல்ல. கெட்ட தண்ணீரால் வருவது பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். நாலு வாரத்துக்கு மேலும் நீடித்து, மலத்தில் இரத்தமும் சளியும் போய், உடம்பும் மெலிந்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது.

குடற்சுவரில் நோயெதிர்ப்புக் கலங்கள் காவல் இருக்கின்றன. கிருமி புகுந்தால் அவை சில புரதங்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று தகவல் சொல்கின்றன. இவையே சைற்றோகைன்கள். அவற்றுள் முக்கியமான ஒன்று ரி.என்.எப். ஆபத்து நீங்கியதும் இந்தத் தூது நின்றுவிட வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை, குடல் வீங்கிப் புண்ணாகிறது. பெருங்குடல் புண் அழற்சியும் கிறோன்ஸ் நோயும் இவ்வகையானவை. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, இலட்சம் பேரில் 5.3 பேருக்கு முதல் நோயும் 1.2 பேருக்கு இரண்டாவது நோயும் இருப்பதாகக் கணித்தது.

நாய்களுக்கும் இதையொத்த நோய் வருகிறது. ஜேர்மன் ஷெப்பர்ட் இனம் இதற்குப் பேர்போனது. ஆனால் நாயின் குடலில் இந்தத் தூதுப் புரதங்கள் மனிதரில் போல ஒரே சீராகக் கூடிக் காணப்படுவதில்லை. உணவை மாற்றியதுமே குணமாகும் நாய்கள் பல. இந்நோய் நாயிடமிருந்து நமக்குத் தொற்றாது. நாயின் குடற்புழுக்கள் தொற்றலாம். ஆகவே நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள், பிள்ளைகளைக் கைகழுவப் பழக்குங்கள்.

ரி.என்.எப். புரதத்தை அடக்கும் இன்பிளிக்சிமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் கிறோன்ஸ் நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. பலர் பலன் பெற்றனர். ஆனால் அதைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் கண்டதாக 2001இல் அறிவிக்கப்பட்டது. உடம்பில் உறங்கும் காசக் கிருமியைச் சுற்றிவளைத்து வைத்திருப்பதும் இதே ரி.என்.எப். தான். குடலைப் புண்ணாக்கும் அதே புரதம் மற்றோர் இடத்தில் காவலாளி!

குடலில் வரும் காசநோயும் கிறோன்ஸ் நோயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்குக் கேடாகலாம். எனவே ஸ்டீரொயிட் குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். டிக்கோயா, நுவரெலியா அரச வைத்தியசாலைகளில் காட்டி, முதலில் மலப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் எவருக்காவது காசநோய் இருந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

இடம் மாறும் குடும்பங்களுக்கு இன்னுமொரு வார்த்தை: ஒவ்வோர் ஊரிலும் புதிதாக வயிற்றோட்ட மருந்து வாங்கினால், நோய் எத்தனை மாதமாக இருக்கிறது என்பது எந்த வைத்தியருக்கும் தெரியாது. காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியையும் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.