நானும் போட்டேன் ஐந்து நட்சத்திரம்

கோலா கெடா படகுத்துறையில் ஒரு சனிக்கிழமை காலை போய் நின்று பாருங்கள். லங்காவி ஃபெரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். பெட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்குப் பசி. பத்தடி தூரத்தில் ரொட்டி சானாய் வேகும் மணம் வரும். ஆனால் அப்பா கடையைப் பார்க்கமாட்டார், கைப்பேசியைப் பார்ப்பார். இந்தக் கடைக்கு 4.1, அந்தக் கடைக்கு 4.6 என்று கூகுள் மேப்ஸ் சொன்ன பிறகுதான் அவர் கால் நகரும்.

நான் அலோர்ஸ்டாரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மீன் வாங்கக் கோலா கெடாவுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் காட்சியை வேடிக்கை பார்ப்பதுண்டு. அங்கே பசியாற வருகிறவர்களில் பாதிப் பேர் மறுபடி அந்தக் கடைக்கு வரப்போவதில்லை. நன்றாக இருந்தாலும் படகேறிப் போய்விடுவார்கள், மோசமாக இருந்தாலும் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முன்பின் தெரியாத நாலு பேர் எழுதிவைத்த வார்த்தைதான் கடைக்காரருக்கு வாழ்வும் சாவும்.

அந்த நாலு பேரில் கடைக்காரரே இருந்தால்? அவர் மனைவி, மகன், மாமா, மச்சான் இருந்தால்?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஏனென்றால் அந்த மாமா நான்தான்.

என் மனைவியின் தம்பி சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தான். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேலை போயிற்று. கைமணம் உள்ளவன். முதலில் பொட்டலச் சோறு, பிறகு பிறந்தநாள் விருந்துகள், 2022இல் முறையாகப் பதிந்து கேட்டரிங் என்று வளர்ந்தான். கூகுளில் கடைப் பெயரை ஏற்றிய அன்றிரவே குடும்பப் புலனக் குழுவில் செய்தி வந்தது: "எல்லாரும் ஆளுக்கொரு ஃபைவ் ஸ்டார் போடுங்க. காசா பணமா?"

பதினோரு பேர் போட்டோம். நான் தமிழாசிரியன் அல்லவா, சும்மா நட்சத்திரம் மட்டும் போட மனம் வரவில்லை. "எத்தனையோ விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறேன், இப்படி ஒரு சாம்பாரைச் சுவைத்ததில்லை. முந்நூறு பேர் என்றாலும் குறித்த நேரத்துக்கு உணவு வந்துவிடும்" என்று என் முழுப் பெயரில் எழுதினேன். அன்றைய தேதியில் அவன் அதிகபட்சம் நாற்பது பேருக்குத்தான் சமைத்திருந்தான்.

சில மாதங்கள் கழித்துக் குரூணிலிருந்து ஓர் அம்மா, என்னிடம் படித்த பெண்ணின் தாயார், இளைய மகளின் சடங்குக்கு உணவு தேடியிருக்கிறார். கணவர் இல்லாதவர். கையில் இருந்தது, கூட்டுப் பிடித்தது எல்லாம் சேர்த்து 4,500 வெள்ளி, 300 பேருக்கு. கூகுளில் என் மைத்துனனுக்கு 13 பேர் கருத்து எழுதி 4.9 காட்டியது. அந்தப் பதிமூன்றில் உண்மையான வாடிக்கையாளர் இரண்டே பேர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மண்டபத்தில் பன்னிரண்டரைக்குப் பந்தி. சோறு வந்தது இரண்டேகாலுக்கு. சாம்பார் புளித்துப் போயிருந்தது. கடைசி இரண்டு பந்திக்கு ரசமும் அப்பளமும்தான்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தொலைபேசியில் மெதுவாகத்தான் சொன்னார்: "உங்க பேரப் பாத்துட்டுத்தான் சார் முன்பணம் கட்டினேன். சார் பொய் எழுதமாட்டாருன்னு மக சொன்னா."

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்வது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' நூலுக்குப் பெயர் போடாமல் தானே மதிப்புரை எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார். 2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டு, புனைபெயரில் கருத்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் வெளியே தெரிந்துவிட்டன. தங்கள் புத்தகத்தைத் தாங்களே புகழ்ந்திருந்த எழுத்தாளர்கள் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். படித்தவர்களே இப்படி என்றால், கடனில் கடை போட்டவனை என்ன சொல்ல!

ஆனால் யார் இதைச் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதைச் சிலர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அப்போது ஹார்வர்டில் இருந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் யெல்ப் தளத்தை வைத்து 2011இல் எழுதிய ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு இந்த விளைவு இல்லை. அவர்களுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. நட்சத்திரத்தை நம்பிப் பிழைப்பவன் தனிக்கடைக்காரன்தான். பின்னர் அவரே ஜார்ஜ் செர்வாஸுடன் சேர்ந்து, பொய்க் கருத்துக்குத் துணிகிறவர்கள் யார் என்று பார்த்தார். கருத்துகள் மிகக் குறைவாக உள்ள கடைகளும், அண்மையில் மோசமான கருத்து வாங்கிய கடைகளும்தான் அதிகம் துணிகின்றன. புதுக் கடை, சுழியத்தில் நிற்கும் கடை. என் மைத்துனனைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2014இல் மேஸ்லின், டோவர், செவாலியர் ஆகிய மூவர் விடுதிகளைப் பற்றிச் செய்தது. டிரிப்அட்வைசரில் அப்போது யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். எக்ஸ்பீடியாவில் அதன் வழியாக அறை எடுத்துத் தங்கியவர் மட்டுமே எழுத முடியும். ஒரே விடுதிக்கு இரண்டு தளத்திலும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். பக்கத்திலேயே போட்டி விடுதி இருந்தால், யாரும் எழுதலாம் என்ற தளத்தில் கெட்ட கருத்துகள் கூடுதலாக இருந்தன. தன்னைப் புகழ ஆரம்பித்த கை, அடுத்த வீட்டுக்காரன் மேல் சேறு எறியவும் நீளுமாம். படகுத்துறையில் வரிசையாக நிற்கும் கடைகளை நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் இது நடந்திருக்காது. நான் பிறந்தது பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எந்தக் கடை அரிசியில் கல் கிடக்கும், எவர் நிறுவையில் கை வைப்பார் என்பதெல்லாம் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் தீர்மானமாகிவிடும். சொல்கிறவர் முகம் தெரியும், அவருக்கும் கடைக்காரருக்கும் என்ன உறவு, என்ன பகை என்பதும் தெரியும். கடைக்காரர் மனைவியே குழாயடிக்கு வந்து "எங்க கடைச் சாமான் மாதிரி உண்டா" என்றால் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பேச்சில் ஊர்ப் பொல்லாப்பும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சொல்கிறவர் யார் என்பது மறைந்ததில்லை.

கூகுளின் விதியும் ஏறக்குறைய அந்தக் குழாயடி விதிதான். சொந்தக் கடைக்கும், வேலை செய்யும் இடத்துக்கும் கருத்து எழுதக்கூடாது. பணமோ தள்ளுபடியோ இலவசமோ கொடுத்து எழுத வைக்கவும் கூடாது. "ஃபைவ் ஸ்டார் போட்டால் தே தாரேக் இலவசம்" என்று மேசைமேல் அட்டை வைத்திருக்கும் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது விதிமீறல். திருப்தியான வாடிக்கையாளராகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, அவர்களை மட்டும் எழுதச் சொல்வதும் விதிமீறல்தான். 2023இல் மட்டும் 17 கோடிக்கு மேற்பட்ட கருத்துகளைத் தடுத்தோ நீக்கியோ இருப்பதாகக் கூகுள் சொன்னது. எங்கள் பதினொன்று அந்தக் கணக்கில் வரவில்லை.

காசுக்கு எழுதிக்கொடுக்கும் கூட்டம் தனி. 2013இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஒரு வேடிக்கை செய்தது. புரூக்ளினில் தயிர்க்கடை வைத்திருப்பதாகவும், கெட்ட கருத்துகள் வந்து தொல்லை என்றும் சொல்லி, விளம்பர நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். நல்ல கருத்து நாங்களே எழுதித் தருகிறோம் என்று பலர் முன்வந்தார்கள். பிலிப்பீன்ஸ், வங்காளதேசம் போன்ற நாடுகளில் ஆள் பிடித்து, ஒரு கருத்துக்கு 1 டாலரிலிருந்து 10 டாலர்வரை கொடுத்து எழுதவைத்தது தெரியவந்தது. 19 நிறுவனங்கள் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் கட்டின. 2018இல் இத்தாலியின் லெச்சே நகர நீதிமன்றம், உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் பொய்க் கருத்து விற்றவருக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது. இந்தியாவில் 2022 நவம்பரில் இணையக் கருத்துகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தர நியமம் வந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல், உரிமையாளரோ ஊழியரோ உறவைச் சொல்லாமல் தங்கள் கடையைப் புகழ்ந்து எழுதுவதற்கு எதிராகத் தனி விதியே நடப்பில் இருக்கிறது.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்துவதையும், பொருளையோ சேவையையோ பற்றிப் பொய்யாகச் சொல்வதையும் அது தடை செய்கிறது. ஏமாந்தவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. குரூண் அம்மாவுக்கு இந்த வழியை நானே எடுத்துச் சொன்னேன், என் மைத்துனனுக்கு எதிராகத்தான். "வேண்டாம் சார், புள்ளைக்கு நடந்த நல்ல காரியம், கேசுன்னு போகக்கூடாது" என்று மறுத்துவிட்டார்.

கைப்பேசியோடு படகுத்துறையில் நிற்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு முதலில் மூன்றைப் படியுங்கள். சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். எழுதியவர் பெயரைத் தட்டினால் அவர் வேறு எங்கே எழுதியிருக்கிறார் என்று தெரியும். ஒரே மாதத்தில் ஜொகூரில் பல் மருத்துவர், கூச்சிங்கில் கார் பட்டறை, கெடாவில் நாசி கண்டார் என்று ஒருவரே புகழ்ந்திருந்தால் அவர் வயிறு அல்ல, வேறு ஏதோ எழுதுகிறது. கடை திறந்த வாரத்தில் எட்டுப் பத்துக் கருத்து, பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை என்றால் அது எங்களைப் போன்ற ஒரு குடும்பம். ஆனால் ஒரே ஒரு கருத்து மட்டும் எழுதியிருக்கிறார் என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். என் அக்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு கருத்துதான் எழுதினார். கண் அறுவைக்குப் பின் தன்னை வீட்டு வாசல்வரை கைபிடித்துக் கொண்டுவந்துவிட்ட டாக்சிக்காரரைப் பற்றி. பேரனிடம் சொல்லிக் கணக்குத் திறந்து எழுதினார்.

சந்தேகம் வலுத்தால் அந்தக் கருத்தின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டிப் புகார் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர்ப் புலனக் குழுக்களில் சுற்றவிடுவது மட்டும் வேண்டாம். தப்பாகிப்போனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும், அவதூறு வழக்கும் உங்கள் தலைமேல் வரும்.

என் விஷயத்தில் யாரும் புகார் செய்யவில்லை. குரூண் அம்மா இரண்டு நட்சத்திரம் போட்டு, நடந்ததை நாலே வரியில் எழுதினார். அதற்குப் பிறகும் 14 பேர், 4.7 என்றுதான் காட்டியது. அவருடைய உண்மையை எங்கள் பதினோரு பொய்யும் ஏறி அமுக்கிக்கொண்டிருந்தன. நான் என் கருத்தை நீக்கினேன். மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம், "தம்பி பொழப்புல மண்ணப் போடுறீங்களா?" என்றாள். ஆனாலும் மறுவாரம் அவளும் நீக்கினாள். மற்ற ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன். கடைசியில் மிச்சம் மூன்று பேர், 3.7.

மைத்துனன் அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "ஊர்ல எவன் மாமா போடல? என்னை மட்டும் ஏன்?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஊரில் பலர் போடுகிறார்கள் என்பது உண்மைதான். தைப்பூசம் முடிந்து ஒரு நாள் அவனாகவே குரூணுக்குப் போய் 1,500 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை, அந்த அம்மாதான் சொன்னார். அவர் எழுதிய கருத்துக்குக் கீழே தன் சொந்தப் பெயரில் பதிலும் போட்டிருந்தான்: முந்நூறு பேருக்கு அதுதான் முதல் தடவை, தப்பு என்னுடையது, இப்போது 150 பேருக்கு மேல் எடுப்பதில்லை.

போன மாதம் வீட்டுக்கு வந்தவன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். யாரோ முன்பின் தெரியாத ஒருவர், ஜித்ராவிலிருந்து, நாலு நட்சத்திரம். "சாம்பார் சுமார். நேரத்துக்கு வந்தது" என்று எழுதியிருந்தார். அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, உள்ளே போய் அக்காவிடம் மூன்றாம் தடவை வாசித்தான்.