இயற்கை ஒளியில் குடும்ப உருவப்படம்

இயற்கை ஒளி உருவப்படம் என்பது ஃபிளாஷ் முதலிய செயற்கை விளக்குகள் இல்லாமல், பகல் வெளிச்சத்தை மட்டும் கொண்டு ஒருவரின் முகத்தைப் படம்பிடிக்கும் முறையாகும். ஒரே குவியத்தூரம் கொண்ட வில்லை, அதாவது பிரைம் லென்ஸ், இதற்கு மிகவும் ஏற்றது. இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டம், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியின் வெயிலையும் வீடுகளையும் கொண்டு இதனை விளக்குகிறது.

மின்விளக்கு வருவதற்கு முன் பெரும்பாலான உருவப்படங்கள் பகல் வெளிச்சத்தில்தான் எடுக்கப்பட்டன. தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழைய குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத் திட்டம் ஒன்றின் உதவியுடன் எண்ணிமமாக்கியுள்ளது. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன், ஃபிளாஷை விரும்பாதவர். பெரும்பாலும் 50 மி.மீ. வில்லை ஒன்றைக் கொண்டே வேலை செய்தவர்.

இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தும், பல வீடுகளில் மாலையிட்டு மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படம், அவர்கள் மறைந்த பின் குடும்ப அட்டையிலிருந்தோ கல்யாணக் கூட்டப் படத்திலிருந்தோ அவசரமாகப் பெரிதாக்கியதாகவே இருக்கிறது. முகம் மங்கி, கண்கள் வெறும் புள்ளிகளாகத் தெரியும்.

வெயிலும் திசையும்

வடக்குச் சன்னல் வெளிச்சமே சிறந்தது என்று பல நூல்கள் கூறும். அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இங்கு முழுமையாகப் பொருந்தாது. கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 13.4 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே நிற்பதால், காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலில் நேர் வெயில் விழக்கூடும். அப்போது தெற்குச் சன்னலே மென்மையான ஒளி தரும். மார்கழி, தை மாதங்களில் வடக்குச் சன்னலை நம்பலாம்.

உச்சி வெயிலில் கண்குழிகளில் நிழல் விழும், கண்களும் சுருங்கும். முதல் ஷிப்டு முடிந்து வந்தவர் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து எழும் மாலை நாலரை மணி பொருத்தமான நேரம். திண்ணை, வராந்தா, வாசற்படிக்கு உள்பக்கம் ஆகியவை நல்ல இடங்கள். முகம் சன்னலுக்கு நேராக இல்லாமல் சற்றே திரும்பியிருந்தால் மூக்கும் கன்னமும் வடிவாகத் தெரியும். மறுபக்க நிழல் அதிகமானால் வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து அந்தப் பக்கம் பிடித்தால் போதும். பச்சை, நீலச் சுண்ணாம்புச் சுவர்களுக்கு மிக அருகில் உட்கார வைத்தால் அந்த நிறம் கன்னத்தில் ஏறிவிடும்.

வில்லை

50 மி.மீ., எஃப் 1.8 வில்லை பிரைம் வகையில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. கருவியுடன் வரும் சாதாரண ஜூம் வில்லையின் எஃப் 5.6 துளையுடன் ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதனால் மங்கலான அறையிலும் விளக்கின்றிப் படமெடுக்க முடிகிறது.

ஆனால் சிறிய உணரி கொண்ட கருவியில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. கண் தெளிந்தால் காது கலங்கும். ஒருவருக்கு எஃப் 2.8, இரண்டு வரிசைக் குடும்பத்திற்குச் சற்றுத் தள்ளி நின்று எஃப் 5.6 என வைப்பது நல்லது. பெரியவர்களுக்கு நொடியில் 125-இல் ஒரு பங்கு, ஓடும் பிள்ளைகளுக்கு 250-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். ஒளி போதவில்லையென்றால் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தலாம், சிறு புள்ளிகள் தெரிந்தாலும் அசைந்த படத்தைவிட அது மேல்.

பத்தடி அறையின் மறுகோடியில் நின்றாலும் இக்கருவியில் 50 மி.மீ. வில்லைக்குள் அடங்கும் அகலம் சுமார் 1.4 மீட்டர்தான். நால்வர் தோளொட்டி உட்கார இடம் போதாது. அங்கே 35 மி.மீ. உதவும். அதைக் கொண்டு ஒரு முகத்தை மிக நெருங்கி எடுத்தால் மட்டும் மூக்கு பெரிதாகிவிடும்.

தோல் நிறம்

கருவியின் ஒளிமானி காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெள்ளை வேட்டி சட்டம் முழுவதும் நிறைந்தால் முகம் கறுத்துப் போகும். இருண்ட பின்னணி இருந்தால் முகம் வெளுக்கும். ஆகவே ஒளியை முகத்தின் வெளிச்சப் பக்கத்தில் அளப்பதே முறை. மாநிறத்தையும் கருமையையும் பிறகு கணினியில் வெளுக்கச் செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வயதானவரின் முகச் சுருக்கங்களையும் அவரது அடையாளத்தையும் அது துடைத்துவிடுகிறது.

“சிரிங்க” என்று சொன்னால் பெரியவர்கள் விறைத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளையை மடியில் உட்காரவைத்து ஊர்ப்பேச்சுக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் கருவி இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

8-க்கு 12 அங்குல அச்சுக்கு 2400-க்கு 3600 படப்புள்ளிகள் தேவை. வாட்ஸாப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் பெரும்பாலும் இதைவிடச் சுருங்கிவிடும். ஸ்டுடியோவுக்கு ஆவணக் கோப்பாக அனுப்பலாம். மெமரி கார்டையே நேரில் கொண்டுபோவது இன்னும் நல்லது.