நிஸாமின் மஞ்சள் காரும் நம் வீட்டுப் பழைய காரும்

ஹைதராபாத் சௌமஹல்லா மாளிகையில் மஞ்சள் நிற ரோல்ஸ் ரொய்ஸ் ஒன்று நிற்கிறது. ஆறாவது நிஸாம் மஹ்பூப் அலி கான் ஆசையோடு சொல்லிச் செய்வித்தது. பின்னால் சிம்மாசனம் போல உயர்ந்த ஆசனம் உண்டு. கார் வந்து சேருமுன் 1911இல் அவர் மௌத்தாகிவிட்டார். மகன் உஸ்மான் அலி கானை 1937இல் 'டைம்' சஞ்சிகை உலகின் பெரும் பணக்காரர் என்றது. அவரோ அதில் ஏறியதே அபூர்வம். சில நூறு மைல்களே ஓடியது!

இத்தகைய கார்களுக்குச் சேகரிப்பாளர்கள் என்ன கொடுப்பார்கள்? ஹொலிவூட் நடிகர் கேரி கூப்பரின் 1935ஆம் ஆண்டு டியூசன்பர்க் 2018இல் 2 கோடியே 20 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அவ்வகையில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. புதுப் பெயின்ட் பளபளப்புக்கு அல்ல இந்த விலை. அசல் எஞ்சினுக்கும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்டும் கடதாசிகளுக்கும்தான்.

நம்மிடம் ரோல்ஸ் ரொய்ஸ் ஏது என்பீர்கள். மூத்தவாப்பாவின் ஒஸ்டின் கொட்டிலில் கிடக்கலாமே! வீட்டுக்காரர் மௌத்தானால் இத்தா முடியுமுன்பே பழைய இரும்புக்காரர் விலை பேச வந்துவிடுவார். அவசரப்படாதீர்கள். பதிவுப் புத்தகம், பழைய ரசீதுகள், காரோடு எடுத்த படம் எதையும் எறிய வேண்டாம். சேஸி இலக்கம் புத்தகத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மூத்த மகன் தனியே விற்க அது அவர் சொத்தல்ல.

கோமாரிப் பக்கம் கடலோரத்தில் நின்ற காரென்றால் முதலில் அடித்தகட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று அங்கேதான் தின்னும்.