மலைகளை விட்டுப் போகாத ஈவ்லின் பிராண்ட்

லண்டனில் 1879-இல் பிறந்த ஈவ்லின், மிஷனரியாகச் சென்னைக்கு வந்தவர். ஜெஸ்ஸி பிராண்டை 1913-இல் மணந்துகொண்டு கொல்லிமலை ஏறினார். கோவையிலிருந்து போகிறவர்கள் இன்று காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸிலேயே கடந்துவிடுகிறார்கள். அன்று நடை, இல்லாவிட்டால் டோலி. வாழவந்தியில் வீடு கட்டி, மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மருந்து, பள்ளி, வேதம் என்று மூன்றையும் கொண்டுபோனார்கள். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றவர்.

மலை மக்களைப் படுத்திய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. நோயாளியின் காலில் கொப்புளம் உடைந்து, ஒரு மீட்டர்வரை நீளக்கூடிய புழு தலைநீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும்; உள்ளே தங்கியது சீழ்பிடித்துக் காலையே முடக்கிவிடும். புண்ணோடு கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதைக் குடிப்பவருக்கு ஓராண்டு கழித்து அதே கொப்புளம் வரும். ஆகவே புழுவை எடுப்பது பாதி வேலைதான். தண்ணீரில் கால் வைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருப்பது மீதி.

இந்தக் குடும்பத்தின் கடுமையான பிரிவு 1923-இல் நேர்ந்தது. ஒன்பது வயது மகன் பாலும் அவன் தங்கை கோனியும் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார்கள். அக்கால மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம்தான். வழக்கம் என்பதால் வலி குறைந்துவிடவில்லை. பால் அதற்குப் பின் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் அதற்குப் பிறகுதான் வந்தது.

கணவர் போன பிறகும் ஈவ்லின் வேலையைத் தொடர்ந்தார். 1947-இல் அவருக்கு 68 வயது. இன்னொரு ஐந்தாண்டுப் பணிக்காலம் தர மிஷன் சபை மறுத்தது. கெஞ்சிக் கேட்டதில் ஓராண்டு கிடைத்தது. சபையைக் குறை சொல்வதற்கில்லை. ஆஸ்பத்திரி இல்லாத மலையில் ஒரு முதியவளை விட்டுவைப்பது யாருக்கும் அச்சம் தரும். ஆனால் ஜெஸ்ஸியும் அவரும் ஐந்து மலைத்தொடர்களுக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். கல்வராயன் போன்ற மலைகளில் அந்த வேலை அப்படியே கிடந்தது. ஓராண்டு முடிந்ததும் சக ஊழியர்கள் கூடி வழியனுப்பு விழா நடத்தினார்கள். அங்கேதான் ஈவ்லின் சொன்னார்: மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், இங்கிலாந்துக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன். சம்பளமும் பதவியும் இல்லாமல் தொடங்கிய இந்தக் கால் நூற்றாண்டுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான பகுதி என்று தோன்றுகிறது. இடுப்பெலும்பு முறிந்தபின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து, ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கமானார்.

மகன் பால் பிராண்டின் விடைபெறல் வேறு மாதிரியானது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையை வளர்த்து, வேலூரிலும் கரிகிரியிலும் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அந்த அறுவையைச் செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருந்தன. அம்மாவுக்கு அப்படி ஆட்கள் கிடைப்பது எளிதாக இல்லை. மலையேறி வரச் சம்மதிக்கும் டாக்டர்கள் அன்று அபூர்வம்.