சில்பியின் கோடுகள்

செஞ்சி என்றவுடன் தேசிங்கு ராஜனும் அவனுடைய குதிரையும் நேயர்களின் நினைவுக்கு வருவது இயல்பு. இவ்வூரில் வாழும் எனக்கோ, கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயில்தான் முதலில் நினைவில் எழும். நாயக்கர் காலத்துப் பெருங்கோயில் அது. கோபுர வாயிலின் உட்சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த காட்சியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த தூண்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டு சென்றவை என்பர். அவை இங்கே நின்ற நாளில் எவ்வாறு தோன்றின என்று எவரேனும் கேட்டால், எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு சித்திரம் இல்லை.

இக்குறையை எண்ணும்போதெல்லாம், தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றுக்கு இத்தகைய குறை நேராதபடி உழைத்த ஓர் ஓவியரையும் நான் எண்ணுவதுண்டு. அவரே சில்பி.

சில்பியின் இயற்பெயர் பி. எம். ஸ்ரீநிவாசன். 1919-ஆம் ஆண்டில் நாமக்கல்லில் பிறந்தார். செஞ்சியைப் போலவே நாமக்கல்லும் பாறைக் கோட்டையின் அடியில் வளர்ந்த ஊர். இங்கே சிங்கவரத்தில் அரங்கநாதர் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்டிருக்கிறார். அங்கும் ஒரு குடைவரையில் அரங்கநாதர், மற்றொன்றில் நரசிம்மர். இரணியனின் மார்பைப் பிளக்கும் நரசிம்மரும், உலகளந்த திரிவிக்கிரமரும் அப்பாறையிலேயே புடைத்து நிற்கின்றனர். இத்தகைய சிற்பங்களின் நிழலில் வளர்ந்த சிறுவனின் கை, கல்லையே வரைய முற்பட்டதில் வியப்பில்லை. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை, கவிஞராகப் புகழ் பெறுமுன் ஓவியராக விளங்கியவர். அவர் இளைஞரின் திறமையைக் கண்டு, சென்னைக் கலைப்பள்ளியில் சேரும்படி ஊக்கினார்.

அந்நாளில் அப்பள்ளியின் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாக் கடற்கரையில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. மனித உடலின் தசையும் நரம்பும் கண்ணுக்குத் தெரிந்தபடி அமைய வேண்டும் என்பதை அச்சிலையே சொல்லும். அங்கே பயின்று வெளிவந்த ஸ்ரீநிவாசன், ஆனந்த விகடனில் ஓவியரானார். கோபாலன் என்பவரைக் 'கோபுலு' ஆக்கிய மாலி, இவருக்குச் 'சில்பி' என்று பெயரிட்டார். உளி ஏந்தாதவருக்கு அப்பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதைப் பின்னர் நாடே கண்டது.

1940-களின் இறுதியில் விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசை தொடங்கியது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அது தொடர்ந்தது. சில்பி ஊர் ஊராகச் சென்று, கோயிலிலேயே அமர்ந்து, மண்டபங்களையும் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் வரைந்தார். கருவறை மூர்த்திகளையும் வரையும் பேறு அவருக்குக் கிடைத்தது.

காமிராவால் நொடியில் ஆகும் வேலைக்கு ஓர் ஓவியர் நாட்கணக்கில் அமர்வானேன் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கருவறைக்குள் காமிராவுக்கு இடமில்லை. இடமிருந்தாலும், எண்ணெய் ஊறிய கருங்கல் திருமேனி மங்கலான விளக்கொளியில் கரிய நிழலாகவே பதியும். நெருங்கிய தூண்களுக்கிடையே பின்வாங்கி நின்று படமெடுக்கவும் வழியில்லை. ஓவியரின் கண்ணோ இருளுக்குப் பழகி, சிறிது சிறிதாக நெற்றியையும் புருவத்தையும் விரல் முத்திரையையும் பிரித்தறிகிறது. கண்டதைக் கை அளவு தவறாமல் எழுதுகிறது.

அச்சுத் தொழிலும் இதற்குத் துணைசெய்தது. அக்காலப் பத்திரிகைகள் படங்களை உலோக பிளாக்குகளைக் கொண்டு அச்சிட்டன. புகைப்படத்தை ஹாப்டோன் பிளாக்காக மாற்றும்போது அது சிறு புள்ளிகளாக உடையும். மலிவான காகிதத்தில் அப்புள்ளிகளில் மை பரவி, நுட்பம் மறைந்துவிடும். பேனாவால் வரைந்த கோடோ, லைன் பிளாக்கில் கோடாகவே நிற்கும். ஆகவே வெளிச்சம், நிழல், வழவழப்பு, சொரசொரப்பு ஆகிய அனைத்தையும் கோட்டினாலேயே காட்டவேண்டிய கட்டாயம் ஓவியருக்கு இருந்தது. சில்பியின் படத்தை உற்றுப் பாருங்கள். தோள் வளையும் இடத்தில் கோடும் வளைகிறது. ஆழம் கூடுமிடத்தில் கோடுகள் நெருங்குகின்றன. ஒளி படும் இடத்தில் காகிதம் வெறுமையாக விடப்படுகிறது. அவ்வெறுமையையும் அவர் எண்ணியே விட்டிருக்கிறார். உள்ளதை உள்ளபடி வரைவது வெறும் நகலெடுத்தல் என்போர், எதை விடுவது, எதை அழுத்துவது என்னும் இத்தீர்ப்பை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வாரப் பத்திரிகை வழியே ஒரு நாட்டுக்குக் கண் கொடுத்த ஓவியர்கள் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் வின்ஸ்லோ ஹோமர் (1836–1910) 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகைக்காக உள்நாட்டுப் போர்க்களத்தின் வாழ்வை வரைந்தார். மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டு அச்சான அப்படங்களின் மூலம், போர்வீரனின் சோர்வையும் சலிப்பையும் தொலைவிலிருந்த குடும்பங்கள் கண்டன. பிற்காலத்தில் அவர் கடலோவியங்களால் பெரும்புகழ் பெற்றாலும், கண்ணைப் பழக்கிய பள்ளி பத்திரிகைப் பணிதான்.

சில்பியின் பணிக்கும் அத்தகைய சமுதாயப் பயன் உண்டு. 1947-இல் இயற்றப்பட்ட சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம், அதுவரை விலக்கி வைக்கப்பட்டிருந்தோருக்குக் கோயில் கதவைத் திறந்தது. அதையடுத்த ஆண்டுகளில் இச்சித்திரங்கள், பயணம் செய்ய இயலாத முதியோரிடமும், ஊரைவிட்டு அகலாத உழவரிடமும் கோயில்களைக் கொண்டு சேர்த்தன. சில்பி 1983-இல் காலமானார். அவருடைய சித்திரங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன.

இன்று அவற்றுக்கு மற்றொரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் சில இடங்களில் பழைய தூண்கள் அகற்றப்பட்டன. சிற்பங்களின்மேல் வண்ணம் பூசப்பட்டது. திருமேனிகள் கடல் கடந்தும் போயின. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த நிழற்படங்கள் சான்றாயின. பதிவு ஒன்று இருந்ததால் உரிமையை நிலைநாட்ட முடிந்தது. கண்ணால் அளந்து வரைந்த சித்திரமும் அத்தகைய பதிவுகளில் ஒன்றே.

2025 ஜூலையில், மராத்தியரின் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. இனி இங்கே வருவோர் பெருகுவர். கைபேசியில் படமெடுத்துச் செல்வர். அதில் தவறில்லை. ஆயினும் எங்கள் பள்ளி மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுண்டு. கோபுர வாயிலில் ஒரு சிற்பத்தைத் தேர்ந்தெடுத்து, பென்சிலும் காகிதமும் கொண்டு ஒரு மணி நேரம் அதன் எதிரே அமருங்கள். படம் நன்றாக வராமற் போகலாம். ஆனால் சிற்பத்தின் கைகள் எத்தனை, எந்தக் கை உடைந்திருக்கிறது என்பதை அதன்பின் நீங்கள் மறக்கமாட்டீர்கள். நாளை அதிலொன்று காணாமற் போனால், முதலில் கேள்வி எழுப்புவோரும் நீங்களாகவே இருப்பீர்கள்.