எக்ஸில் ஒரு வணக்கம்

குதிரையும் நாமும் – 6

சென்ற வாரம் தடை தாண்டும் போட்டியைப் பார்த்தோம். கம்பு விழுந்தால் யாருக்கும் தெரியும். இந்த வாரத்து டிரெஸ்ஸாஜில் எதுவும் விழாது. "குதிர சும்மா நடந்துட்டுப் போவுது, இதுக்காப்பா தங்கம்?" என்று ஜோலார்பேட்டையில் ஒரு பெரியவர் கேட்டார். தோல் தொழிற்சாலையில் பல வருடம் செலக்‌ஷன் பார்த்தவர். தோலை வெளிச்சத்தில் விரித்து, ஒரு தடவு தடவி, ஒரு மடிப்பு மடித்தால் போதும், முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவார். "உங்க வேலையத்தான் அண்ணா அங்க நடுவர் செய்றார்" என்றேன்.

டிரெஸ்ஸாஜ் என்றால் பிரெஞ்சில் பழக்குதல். பெரிய போட்டிகளில் களம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஓரங்களில் ஆங்கில எழுத்துப் பலகைகள். ஏ வழியாக நுழைந்து, நட்டநடுவில் எக்ஸில் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். அந்த நிற்றலுக்கே மார்க் உண்டு. நாலு காலும் சதுரமாக ஊன்ற வேண்டும். ஒரு பின்னங்கால் பின்தங்கினாலும் நடுவர் பார்த்துவிடுவார்.

அதன் பிறகு, முன்பே எழுதிவைத்த வரிசைப்படி ஒவ்வோர் அசைவும். நடைக்கு நான்கு குளம்புத் தட்டு, டிராட் என்ற மிதமான ஓட்டத்துக்கு இரண்டு, கேண்டர் என்ற துள்ளலோட்டத்துக்கு மூன்று. தாளம் பிசகக் கூடாது. வட்டம் முட்டையாகிவிடக் கூடாது. வாயால் அதட்டக் கூடாது, நாக்கைச் சொடுக்கினாலும் மார்க் போகும். இடுப்பின் பாரம், கெண்டைக்கால், கடிவாள வார் இவைதான் பேச்சு. அசைவுக்குப் பூஜ்யம் முதல் 10 வரை, அரை மார்க்கும் உண்டு. கடினமானவற்றுக்கு இரட்டிப்பு. கூட்டிச் சதவீதமாக்குவார்கள்.

2023 செப்டம்பர் 26, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. அனுஷ் அகர்வாலா 71.088, ஹ்ரிதய் சேடா 69.941, திவ்யகிருதி சிங் 68.176. நால்வர் அணியில் சிறந்த மூன்றுதான் கணக்கு, மொத்தம் 209.205. குதிரையேற்றத்தில் 41 வருடம் கழித்து இந்தியாவுக்குத் தங்கம். நான்காமவர் சுதிப்தி ஹஜேலாவின் 66.706 கூட்டலில் சேரவில்லை. ஆனாலும் பதக்கம் அவருக்கும்தான்.

அன்று என்னை உலுக்கியது இரண்டாம் இடத்துக் கணக்கு. சீனா 204.882, ஹாங்காங் 204.852. ஒரு நடுவரின் முழு மார்க் 340, நடுவர்கள் ஐந்து பேர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே ஒரு நடுவர் ஏதோ ஓர் அசைவுக்குப் போடும் அரை மார்க்தான் அந்த 0.03. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்!

பெரியவரிடம் இதைச் சொன்னதும், "அப்ப ஒரு காலு பின்னால நின்னிருந்தாலே போயிருக்கும்" என்றார்.

போட்டியாளருக்கு நடுவரின் மார்க் தாளின் நகல் கிடைக்கும். ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே நடுவரின் குறிப்பு இருக்கும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. தொடக்கநிலைச் சோதனைகளில் நடை, டிராட், கேண்டர், வட்டம் மட்டுமே. நமக்கு ரயிலில் சில மணி நேரத்திலேயே பெங்களூரு. அங்கே போட்டி நடக்கும் நாளில் ஒருமுறை போய் வாருங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப்போய் நீங்களும் மார்க் போடுங்கள்; நடுவரின் மார்க்கோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)